மைனாவை நடத்திய அக்கா

அவரைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது "பாவம், நல்ல பொண்ணு" என்று சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். நல்லவர்தான். ஆனால் பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுக் கடந்து போகிற ஆள் அல்ல. அப்படிச் சொல்லும்படி அவரை ஆக்கி வைத்தவர்கள் சிலர் உண்டு. அவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஏழு வயதில் பார்வை போயிற்று. ஊட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநராக இருக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்ல ஒரு மென்பொருள் இருந்தால்தான் என் வேலை ஓடும். ஆங்கிலம் படிக்கக் குரல்களுக்குப் பஞ்சமில்லை. தமிழுக்கு எங்களுக்கு வாய்த்தது 'மைனா'. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்குக் கொடுக்கலாம். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பெரிய கட்டடத்தில் முப்பது பேர் உட்கார்ந்து அதைச் செய்வதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நன்றி சொல்லி இரண்டு பத்தி மின்னஞ்சல் எழுதினேன். மைனா வந்த பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடாமல் என் வேலையை நானே பார்க்கிறேன், கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்றெல்லாம். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"நன்றி இருக்கட்டுங்க. எது தப்பாப் படிக்குது? ஒண்ணும் தப்பில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க."

கீழே ஒரு தொலைபேசி எண். கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். நான் ஊட்டி என்றதும், "ஏனுங்க, ஊட்டியா? நான் ஜெகதளாவுல இருக்கேனுங்க" என்றார். முப்பது பேர் இல்லை. பெரிய கட்டடமும் இல்லை. குன்னூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் ஒப்பந்தக் கணினி இயக்குநராக இருந்த ஒருவர், ஜெகதளாவில் தன் அம்மாவோடு இருந்த இரண்டு அறை வீட்டிலிருந்து அதை நடத்திக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அன்றிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டேன்.

நான் அறிந்த அவர் குரலாகவும் ஓசையாகவும்தான் இருந்தார். சற்றுக் கரகரத்த குரல். வாயில் எப்போதும் ஓர் இஞ்சி மரப்பா. கோபம் வந்தால் ஜெர்க்கினின் ஜிப்பை மேலும் கீழும் இழுப்பார். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது. நான் பழகிய காலத்தில் அந்த ஜிப் இரண்டு முறை மாற்றப்பட்டது.

எதற்காக இதைத் தொடங்கினார் என்று ஒருமுறை கேட்டேன். "எங்க ஆபீசுக்குப் பார்வை இல்லாத ஒரு பெரியவரு, சம்சாரத்தோட இறப்புச் சான்றிதழுக்கு வந்தாருங்க. ஃபாரத்துல என்ன போட்டிருக்குன்னு கேட்டாரு. எங்காளு ஒருத்தரு வரிசையில நிக்கற அத்தனை பேருக்கும் கேட்கறாப்ல படிச்சாரு. எந்த வியாதி, எத்தனை நாளு, எல்லாம். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. ஒருத்தரோட ஊட்டுச் சங்கதிய அவரு மட்டும் கேட்கறதுக்கு ஒரு வழி இல்லீங்களா இந்த நாட்டுல?" சொல்லும்போதே ஜிப் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மைனாவின் புதிய பதிப்பு வெளிவரும். தவறவே தவறாது. புயல் வந்தாலும் வரும். அவர் வீட்டில் இணையம் போய்விட்டால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் சாலை வளைவு வரை நடந்துபோய், அங்கே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெளியிடுவார். கம்ப்யூட்டர்கள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் மைனாவில் ஏதாவது ஒன்று உடையும். ஒரு மாதம் எண்களை ஆங்கிலத்தில் படிக்கும். இன்னொரு மாதம் 'திரு.' என்று வந்தால் வாக்கியமே முடிந்துபோனதுபோல் நின்றுவிடும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சில மாதங்களில் ஒரே ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கும். ஆனாலும் வெளியீடு வரும்.

இந்த ஒன்றுக்காக ஒரு பதிப்பா என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன்.

"மாசாமாசம் வரணுமுங்க தம்பி. பஸ்சு மாதிரி. பத்து மணி பஸ்சு பத்து மணிக்கு வரும்னு தெரிஞ்சாத்தான் ஆளுக ஸ்டாப்புல வந்து நிப்பாங்க. ரெண்டு நாளு வரலைன்னா நடந்து போயிருவாங்க. நடக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க? ஊட்டுலயே உக்காந்துருவாங்க."

வெளியிடும் முன்பு நானும் ஸ்ரீமதுரையிலிருந்து பிஜு சாரும் அதைக் கேட்டுப் பார்ப்போம். பிஜு சாருக்கும் பார்வை கிடையாது. கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். மூவரும் போனில் இருப்போம். அக்கா தன் அலுவலகத்துக் குடிநீர் நோட்டீஸ்களைப் படிக்கவிடுவார். "எந்தா சாரே, 'துண்டிக்கப்படும்' இப்போ செரியாயிட்டு வருது, பட்சே 'ஞ்' மட்டும் இழுக்குதே" என்பார் பிஜு சார், மலையாளம் கலந்த தமிழில். அக்காவுக்கு அதைவிட இனிமையான பேச்சு உலகத்தில் கிடையாது.

பாராட்டினால்தான் எரிச்சல் வரும். "நீங்கள் எங்கள் கண்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. இழுக்கற 'ஞ்'சைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா இந்த மனுசன்?" என்று சீறினார். மதுரையிலிருந்து ஒருவர், இது மைனா அல்ல, தொண்டை கட்டின காக்கை என்று ஆரம்பித்துப் பதினோரு பிழைகளை வரிசையாக அடுக்கித் திட்டியிருந்தார். அதை அக்கா எங்களுக்கு வாசித்துக் காட்டியபோது குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "பாருங்க, எத்தனை அக்கறையாக் கேட்டிருக்காரு!" அந்த மாத வெளியீட்டு அறிவிப்பில் அந்த மதுரைக்காரரின் பெயர்தான் முதலில் இருந்தது. பிழை சொன்ன ஒவ்வொருவரின் பெயரும் அதில் வரும். அக்காவின் பெயர் எந்த மூலையிலும் வராது.

அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன ஒரு மாதத்தில் நான் கண்ட இரண்டு பிழைகளைச் சொல்லாமல் விட்டேன். அவருக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான். எப்படியோ தெரிந்துவிட்டது. "என் மேல பாவப்பட்டு மறைச்சீங்களா? அந்தப் பாவத்தை எனக்கா செஞ்சீங்க? அதே தப்பைக் கேட்டுக்கிட்டு அங்க எத்தனை பேரு உக்காந்திருக்காங்களோ!" ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை.

குன்னூரில் ஓர் அறக்கட்டளை இருந்தது. அதன் தலைவருக்குத் தேன் போன்ற குரல். அவர்கள் விழா எடுத்து அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் அலுவலகத்தின் பெரிய அதிகாரிதான் சிறப்பு விருந்தினர். தலைவரும் அவரும் நெருங்கிய நண்பர்கள். என்னையும் 'பயனாளி' என்று சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் பேசி முடித்து ஒலிவாங்கியை அக்காவிடம் கொடுத்தார்கள்.

"சால்வைக்கு என்னங்க, குளுருக்கு ஆகும். உங்க அறக்கட்டளை இணையதளத்துல பார்வையில்லாதவங்களுக்கு உதவிகள்னு ஒரு பக்கம் இருக்குது. அதுல இருக்கறது எல்லாமே படமுங்க. எழுத்தைப் படமாப் போட்டு வெச்சா மைனா மட்டுமில்ல, எதுவும் படிக்காது. யாருக்காகப் போட்டீங்களோ அவங்களாலதான் படிக்க முடியாது. எப்பச் சரி பண்ணுவீங்க?"

எனக்குப் பின்னால் யாரோ "திமிரு" என்று முணுமுணுத்தார்கள். சரிசெய்ய மூன்றே வரிகள் போதும் என்று அக்கா அப்புறம் என்னிடம் சொன்னார். அந்தப் பக்கம் இன்றுவரை படமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் அவருடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அக்கா அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். அப்போதும் முதல் சனிக்கிழமை தவறவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைவர் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மைனாவை எங்களிடம் கொடுங்கள், பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்வார்கள், நீங்கள் அம்மாவைக் கவனியுங்கள் என்றார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாதாமாதம் வெளியீடு வர வேண்டும். "அதைச் சொல்லவும் வேண்டுமா?" என்றாராம் அவர். மைனா என்ற பெயர், அதன் இணைய முகவரி, புதிய பதிப்பை வெளியிடத் தேவையான ரகசியச் சாவி எல்லாவற்றையும் அக்கா ஒப்படைத்தார்.

முதல் மாதம் வெளியீடு வந்தது. மாற்றம் ஒன்றே ஒன்று. தொடங்கும்போது மைனா அறக்கட்டளையின் பெயரைச் சொன்னது. இரண்டாம் மாதம் 'புதுப்பொலிவுடன் விரைவில்' என்று ஓர் அறிவிப்பு. அப்புறம் ஒன்றும் இல்லை. பிழை சொன்னவர்களின் பட்டியல் நின்றது. கடிதங்களுக்குப் பதில் நின்றது. முதல் சனிக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா அவர்களுக்கு எழுதுவார்: "இன்றைய வெளியீடு எங்கே?"

சரியாக அந்த நாள்களில்தான் கம்ப்யூட்டர்கள் தம்மைப் புதுப்பித்துக்கொண்டன. மைனா ழகரத்தைத் தொலைத்தது. ழ வருகிற சொல் எதுவானாலும் அந்தச் சொல்லையே விழுங்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனது. நான் அக்காவிடம் சொன்னேன். அவர் இரண்டே நாளில் திருத்தத்தை எழுதி அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டார். அதை ஏற்று வெளியிட்டால் போதும். அவர்கள் பதில் போட்டார்கள். அக்கா போனில் எனக்கு அதை இரண்டு முறை படித்துக் காட்டினார். முதல் முறை என்னால் நம்ப முடியவில்லை. தமிழ்நாட்டில் பாதிப் பேர் ழகரத்தைச் சரியாக உச்சரிப்பதில்லை, ஆகவே இது அவசரமில்லாத பிழை என்று எழுதியிருந்தார்கள்.

திருத்திய பதிப்பை அக்கா எனக்குத் தனியாக அனுப்பினார். வீட்டில் அதைத்தான் வைத்திருந்தேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியவில்லை. முறையாக வெளியான பதிப்பை மட்டுமே ஏற்றலாம் என்பது எங்கள் விதி. கண்காணிப்பாளரிடம் வாய்மொழியாகச் சொல்லியும் பார்த்தேன். "ழ தானப்பா? சமாளி. மழைக்காலம் முடியட்டும்" என்றார்.

மழைக்காலம்தான் எனக்கு அச்சம். மழைக்கால அவசர அறையில் என் வேலை இதுதான்: ஊர்களிலிருந்தும் எஸ்டேட்டுகளிலிருந்தும் திரைக்கு வரும் செய்திகளைக் காதில் கேட்டு, எந்த ஜீப் எங்கே போக வேண்டும் என்று போனில் சொல்வது. மழை, விழுந்தது, கீழே, குழி, வழி, குழந்தை. மழைக்காலத்துச் செய்தி என்றாலே ழகரம்தான். நான் சொற்களுக்கு நடுவே இருக்கும் ஓட்டைகளை ஊகித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

அவலாஞ்சிப் பக்கம் மூன்று நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம். ஓர் எஸ்டேட்டிலிருந்து செய்தி வந்தது. என் காதில் விழுந்தது இது: "லைன் பின்புறம் மண் சரிவு. வீட்டுக்குள் ஆட்கள்." லைன் என்றால் தொழிலாளர் வீட்டு வரிசை. அந்த வாக்கியத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அப்படியே ஜீப்புக்குச் சொன்னேன். ஜீப் போய் நின்றது சாலைக்குப் பக்கத்தில் இருந்த மேல் லைனில். அங்கே எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். திரையில் இருந்த செய்தி, "கீழ் லைன் பின்புறம் மண் சரிவு." அவர்கள் சுற்றிக்கொண்டு கீழே போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கால் அந்த நேரம் முழுவதும் சுவருக்கடியில் இருந்தது. டாக்டர்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் எனக்குக் குறிப்பாணை வந்தது. தாழ்வாரத்தில் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. காது கேட்கும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்களே. "கண்ணு தெரியாதவனை அந்த சீட்ல உக்கார வெச்சா இப்படித்தான்."

எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எழுதினேன். மென்பொருளின் பிழையே காரணம். அதைச் செய்தவர் இன்னார், இந்தப் பேரூராட்சி அலுவலகத்தில் இருக்கிறார். பிழையை அவரிடம் உடனே தெரிவித்தேன். அலுவலக நேரத்தில்கூட எனக்கு உடனுக்குடன் பதில் எழுதுவார். நான் சும்மா இருக்கவில்லை என்று காட்டத்தான் அந்தக் கடைசி வரி. அறக்கட்டளையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. பெரிய அதிகாரியும் தலைவரும் எப்படிப்பட்ட நண்பர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேலை வேண்டியிருந்தது.

அதற்கடுத்த நாள் அக்கா வந்தார். பிஜு சார் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. நனைந்த ஜெர்க்கினிலிருந்து தரையில் நீர் சொட்டும் சத்தத்தோடு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "வாங்க தம்பி, உங்க அதிகாரியப் பாத்துட்டு வரலாம்" என்றார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போய்விட்டார்.

"சார், மைனாவச் செஞ்சது நானுங்க. இப்பத்தான் ஆஸ்பத்திரியில அந்தம்மாவப் பாத்துட்டு வரேன். இவரு மேல மெமோ போட்டது தப்புங்க. தப்பு என்னுது. நான்தான் அதைத் தூக்கி இன்னொருத்தர் கையில குடுத்தேன்."

"நீ எந்த ஆபீஸ்ம்மா? பெர்மிஷன் வாங்கிட்டு வந்தியா?"

"அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேனுங்க."

"பாரும்மா, இலவசமா வர்ற சாமானை நம்பி ஒரு கவர்மென்ட் ஆபீஸ் நடக்க முடியுமா? நாளைக்கு உன்னை யார் கேட்க முடியும்?"

ஜிப் சத்தம் கேட்டது.

"இலவசம்னா கேட்க ஆளில்லைன்னு அர்த்தமுங்களா? கேளுங்க. அதுக்குத்தானே வந்து நிக்கறேன். அஞ்சு வருசமா ஒரு மாசம் தவறல. இந்த ழகரத்தைத் திருத்திக் குடுத்து நாப்பது நாளாச்சு. ஏன் வெளிய வரலைன்னு அன்னிக்கு மேடையில உங்க பக்கத்துல உக்காந்திருந்தவரக் கேளுங்க. அவருகிட்டத்தான் சாவி இருக்குது. அந்தம்மாவுக்கு ஒரு காலு போச்சுங்க சார். அவசரமில்லாத பிழைன்னு எழுதறாங்க. யாருக்கு அவசரமில்ல?"

அதிகாரியின் குரல் மாறியது. அக்காவிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார்.

"ஏம்ப்பா, உன் விளக்கத்துல ட்ரஸ்ட்டைப் பத்தி ஒண்ணுமே இல்லையே. இந்தம்மா சொல்றது உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சொல். அதில் ழகரம்கூட இல்லை.

"அந்த விசயமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சார்" என்றேன்.

பக்கத்தில் ஜிப் சத்தம் நின்றுவிட்டது. அக்கா என்னை மறுபடி கையைப் பிடித்து, என் நாற்காலி வரை கொண்டுவந்து விட்டார். "படி இருக்குது, பாத்து" என்று மட்டும் வழியில் ஒருமுறை சொன்னார். அப்புறம் போய்விட்டார்.

அன்று மாலையே மைனாவைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் அக்காவிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அக்கா கொடுத்தது பெயரையும் முகவரியையும்தான். உள்ளே இருக்கும் எழுத்து எல்லோருக்கும் பொது. அதை எடுத்து வேறு பெயரில் நடத்த யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. "இது காட்டுமைனா. முதல் பதிப்பு. ழகரம் பேசும். அடுத்தது வரும் மாதம் முதல் சனிக்கிழமை." முறையாக வெளியான பதிப்பு என்பதால் எங்கள் அலுவலகத்திலும் மறுவாரமே அதை ஏற்றினார்கள். மைனா என்ற சொல் தங்களுக்கே சொந்தம் என்று அறக்கட்டளை வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அக்கா அதைக் காட்டுமைனாவில் படிக்கவிட்டு, 'வழக்கு' சரியாக வருகிறதா என்று பிஜு சாரைக் கேட்டாராம்.

அந்தப் பங்குனியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம், அலுவலக நேரத்தில் சொந்த வேலை பார்த்தது. ஆதாரம், எங்கள் அலுவலகத்திலிருந்து போன ஒரு கடிதமும் அதோடு இணைத்த என் விளக்கத்தின் நகலும். அந்தக் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பேரூராட்சி அலுவலகத்தில் பார்வையில்லாதவர்கள் தங்கள் ஃபாரத்தைத் தாங்களே கேட்டுக்கொள்ள ஒரு கம்ப்யூட்டரும் ஹெட்போனும் வைத்ததே அவர்தான். அதெல்லாம் சொந்த வேலையில் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெகதளாவுக்குப் போனேன். வீட்டுக்குள் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது. அவர்கள் திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருந்தது. அவருடைய அம்மா இலங்கைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இங்கே வந்தவர். என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். "வாங்க மகன். லயத்து வீட்டுல பொறந்தவ நானு, குளுருலயே கெடந்துட்டேன். இந்த வயசுல வெயிலுக்குப் போகச் சொல்லுது இந்தப் புள்ள" என்றார். எதற்காகப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது என்பது புரிந்தது. அக்கா சொல்லியிருக்கவில்லை.

அக்கா டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் தயாராகக் கொண்டுபோயிருந்ததைச் சொன்னேன். பயந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் ஒரு பெட்டிக்கு முழுதாக டேப் ஒட்டி முடித்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது தம்பி? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரியாதவங்க எத்தனை பேரு இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லியிருக்கணும். டீயக் குடிங்க, ஆறிப்போகும்."

அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் குரலில் நான் முதன்முதலாகக் கேட்ட அசதி அது. குன்னூர் பஸ்சுக்கு என்னை ஏற்றிவிட்டார். அதன்பிறகு நாங்கள் பேசவில்லை. முதல் சனிக்கிழமை அறிவிப்பில் மட்டும் என் பெயரைக் கேட்பேன். நான் அனுப்பும் பிழைகளைத் திருத்திக்கொண்டுதான் இருந்தார். ஒருமுறையும் விட்டதில்லை.

சில வருடங்களுக்குப் பின்பு அறிவிப்பின் அடியில் மூன்று பெயர்கள் வரத் தொடங்கின. அதில் ஒருவர் பிஜு சார். மூவர் கையிலும் சாவி இருக்கும், ஒருவர் நின்றாலும் மற்ற இருவர் வெளியிடுவார்கள் என்று ஏற்பாடு செய்து எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா ஒதுங்கிக்கொண்டாராம். காட்டுமைனா இன்றும் மாதம் தவறாமல் வருகிறது. அக்காவைப் பற்றிக் கேட்டேன். "ஆ நம்பர் இப்போ இல்லா சாரே. எவிடெ இருக்காங்கன்னு எனக்கும் அறியில்லா" என்றார் பிஜு சார்.

சென்ற வருடம் அறக்கட்டளை ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தது. பார்வையற்றோருக்குத் தமிழ்க்குரல் தந்த சேவைக்காகத் தலைவருக்கு விருதாம். என்னைவிட வயதில் சிறியவரான புதிய கண்காணிப்பாளர் ஒரு தாளோடு வந்தார். "அண்ணா, சின்ன சர்ட்டிபிகேட்தான். மைனாவை உருவாக்கி நடத்திவரும் அறக்கட்டளையால நீங்க பயனடைஞ்சீங்கன்னு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க." பேனாவை என் விரலில் வைத்து, போட வேண்டிய இடத்தில் என் கையையும் கொண்டுபோய் வைத்தார்.

நான் பேனாவை மேசைமேல் வைத்தேன். உங்களுக்கு எழுதித்தான் தருகிறேன், ஆனால் நானே எழுதித் தருகிறேன் என்றேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் தட்டச்சு செய்தேன். மைனாவை உருவாக்கியவர் யார், எத்தனை வருடம் ஒற்றை ஆளாக நடத்தினார், யாரிடம் கொடுத்தார், கொடுத்த பிறகு அவர்கள் என்ன செய்யாமல் விட்டார்கள், ழகரத் திருத்தம் நாற்பது நாள் எங்கே கிடந்தது, ஒரு பெண்ணின் கால் எப்படிப் போயிற்று, என் விளக்கத்தில் நான் எதை மறைத்தேன், அதிகாரியின் அறையில் நான் சொன்ன பொய் என்ன, அதனால் யாருடைய வேலை போயிற்று. ஒன்றையும் விடவில்லை. அலுவலகத்துக்கு ஒன்று, அறக்கட்டளைக்கு ஒன்று, அந்தப் பேரூராட்சிக்கு ஒன்று. காட்டுமைனா பயன்படுத்தும் எல்லோருக்கும் போகும் கடிதப் பட்டியலுக்கும் ஒன்று. அக்கா இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

விழா நடந்தது. விருதும் கொடுத்தார்கள். எனக்கு மூன்று வாரத்தில் பதில் வந்தது, முந்தைய விளக்கத்தில் தெரிந்தே உண்மையை மறைத்ததற்காகக் குறிப்பாணை. கண்காணிப்பாளர் அதைக் கொடுக்கும்போது சங்கடப்பட்டார். "எதுக்கண்ணா இப்பப்போய்? யாரும் கேட்கவே இல்லையே" என்றார்.

இப்போது என் பணிப்பதிவேட்டில் இரண்டு குறிப்பாணைகள் இருக்கின்றன. முதலாவதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. இரண்டாவதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை.